அக்காவின் இரண்டாவது ஸ்கேன்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் நெஞ்சு ஸ்கேன்கள்தான். ஓய்வு பெற்ற பிறகு, வாரத்தில் மூன்று காலை வந்து படம் பார்த்துக் கொடுத்தால் போதும் என்றுதான் மருத்துவமனையில் திரும்ப அழைத்தார்கள். இந்தக் காய்ச்சல் பரவத் தொடங்கியதிலிருந்து ஞாயிறு தவிர எல்லாக் காலையும் போகிறேன். வருவதெல்லாம் வைரஸ் நிமோனியா. இரண்டு நுரையீரலிலும், முதுகுப் பக்கமாக, ஓரத்தை ஒட்டி, குளியலறை ஜன்னலின் தேய்த்த கண்ணாடி போல ஒரு வெண்மங்கல். ரத்தக் குழாய்கள் அதற்குள்ளும் தெரியும், மூடுபனியில் மரக்கிளை தெரிவதைப் போல. சிலருக்கு மங்கலுக்குள் கல் பாவிய தரை மாதிரி கோடுகள். நோய் முற்றியவர்களுக்கு மங்கல் கெட்டித்து வெள்ளையாகவே ஆகிவிடுகிறது. அங்கே காற்று நுழைவதில்லை என்று பொருள்.

எந்தப் படத்தையும் நான் ஒரே வரிசையில்தான் பார்ப்பேன். மூச்சுக்குழல், நுரையீரலின் மேல்நுனிகள், பிறகு படிப்படியாகக் கீழே, கடைசியில் எலும்புகள். வரிசை தவறினால் எதையோ விட்டுவிட்டோம் என்று சாப்பாடு இறங்காது.

ஸ்கேன் பிரிவின் தலைவி இன்று என் அறிக்கை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அவர் வயதுதான் இருக்கும். "சார், இந்த ஒரு பக்கத்துல மூணு 'இருக்கலாம்' இருக்கு. ரெண்டை எடுத்துடட்டுமா?" எடுத்துவிடுங்கள் என்றேன். எந்த இரண்டு என்று கேட்காமல் வந்துவிட்டோமே என்று பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

எனக்குப் பின்னால் என்னை 'இருக்கலாம் டாக்டர்' என்று சொல்கிறார்கள் என்பது தெரியும். பொருத்தமான பெயராக இருக்கலாம்.

அக்காவுக்கு இருமல். வெறும் தொண்டைதான் என்கிறாள்.

மார்ச் 6, வியாழன்

அக்காவுக்குக் காய்ச்சல்.

தொண்டை இல்லை.

மார்ச் 7, வெள்ளி

அக்காவை மருத்துவமனையில் சேர்த்தாயிற்று. மாடிப்படியில் மூன்று படி இறங்கியதும் உட்கார்ந்துவிட்டாள். "என்ன அக்கா?" என்றேன். கையை மட்டும் அசைத்தாள். அக்கா கையால் பதில் சொல்லி நான் பார்த்ததே இல்லை.

என்னைவிட ஐந்து வயது மூத்தவள். தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு முப்பது வருடத்துக்கு மேல் இணைப்புக் கொடுத்தவள். காதில் ஒரு குரல் விழுந்தால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் அவளுக்கு. சொல்லாவிட்டால் மரியாதைக் குறைவு. அத்தான் போன பிறகு என்னோடு வந்து இருக்கிறாள். வானொலியில் செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னால் அடுப்படியிலிருந்து இவள் வணக்கம் சொல்வாள். வங்கியின் மின்தூக்கியில் 'கதவு மூடுகிறது' என்று ஒரு பெண் குரல் வரும். "சரிம்மா, மூடிக்கோ" என்பாள். கூட நிற்பவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் மாடி எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். நான் பார்க்கவில்லை. சொந்தக்காரர்களின் படத்தை நான் படிப்பதில்லை என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன். பயத்துக்கு இட்ட மரியாதையான பெயர்தான் அந்த விதி. தலைவி பார்த்துவிட்டு வந்து சொன்னார்: இரண்டு பக்கமும் கீழ்ப்பகுதியில் மங்கல், நுரையீரலில் ஏறத்தாழ கால் பங்கு. வலது மேல்நுனியில் பழைய தழும்பு. அந்தத் தழும்பு எனக்குத் தெரியும். சிறு வயதில் அவளுக்குக் காசநோய் வந்து ஆறிய இடம்.

முகமூடி வழியாக ஆக்சிஜன். போர்வைக்கு வெளியே அவள் கால் விரல்கள். நான் கிளம்பும்போது கண்ணைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 8, சனி

வீட்டில் வானொலி வணக்கம் சொன்னது. யாரும் திருப்பிச் சொல்லவில்லை. அணைத்துவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

அப்படியேதான் இருக்கிறாள். கூடவில்லை, குறையவுமில்லை.

அக்காவைப் பார்க்கும் நெஞ்சு மருத்துவர் கெட்டிக்காரர். நடக்கும்போதே கையைக் கழுவிக்கொண்டு, கழுவும்போதே உத்தரவு சொல்லிக்கொண்டு போகிறவர். இன்று அவர் முகம் சரியில்லை. பக்கத்து நோயாளிக் கூடத்தில் ஒரு பேருந்து ஓட்டுநர். நேற்றுவரை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து செவிலியர்களைக் கேலி செய்துகொண்டிருந்தாராம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி நல்ல அளவைத்தான் காட்டியிருக்கிறது. ஸ்கேனில் மங்கல் கூடியிருந்தது. ஆள் நன்றாக இருக்கிறாரே என்று ஒரு நாள் பொறுத்திருக்கிறார்கள். இன்று விடியற்காலை திடீரென்று மூச்சு முட்டி, இப்போது வென்டிலேட்டரில் இருக்கிறார்.

"படம் முன்னாடி ஓடுது சார், ஆள் பின்னாடி வர்றாங்க. இனிமே நான் படத்தைத்தான் நம்பப்போறேன்" என்றார் மருத்துவர்.

தலையாட்டினேன். அந்த ஓட்டுநரின் படத்தில் மங்கல் கூடியிருக்கிறது என்று எழுதியது நான்தான். 'கூடியிருக்கலாம்' என்று எழுதியிருந்தேன்.

மார்ச் 12, புதன்

அக்கா பேசிவிட்டாள்!

நான் உள்ளே நுழைந்ததும் முதல் பேச்சு: "இந்தக் கஞ்சியை யாருடா காய்ச்சுறது? தரை தொடைச்ச தண்ணி மாதிரி இருக்கு." செவிலி சிரித்தாள். முகமூடியை எடுத்துவிட்டு மூக்கில் சின்னக் குழாய் வைத்திருக்கிறார்கள். காய்ச்சல் இல்லை. வாக்கியத்துக்கு நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்குகிறாள். ஆனால் வாக்கியத்தை விடுவதில்லை.

செவிலியிடம் என் கதையெல்லாம் சொல்லி முடித்திருக்கிறாள். "இவனுக்குப் பொண்ணு பாக்கப் போனோம். பிடிச்சிருக்கான்னு கேட்டா 'பிடிச்சிருக்கலாம்'னான். அவங்க வேற இடம் பாத்துட்டாங்க." நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன சந்தோஷம், இந்தப் பழைய அவமானத்தைத் திரும்பக் கேட்பதில்.

நாளை இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவதைப் பற்றிப் பேசலாம் என்று நெஞ்சு மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 13, வியாழன்

இன்றைக்கு நடந்ததை இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

இரண்டாவது ஸ்கேன் மோசம். கால் பங்காக இருந்த மங்கல் பாதிக்கு வந்துவிட்டதாம். தலைவி பார்த்திருக்கிறார். நுரையீரலுக்கு நிறம் பூசிச் சதவீதம் சொல்லும் கணினி நிரலும் அதையேதான் சொல்கிறது.

மூச்சு முட்டவில்லையே, காய்ச்சல் இல்லையே, பேசுகிறாளே என்று நெஞ்சு மருத்துவரிடம் கேட்டேன். கேட்டேன் என்பதுகூடத் தப்பு, முனகினேன். "அந்த டிரைவரும் பேசிட்டுத்தான் இருந்தார் சார்" என்றார். அவர் கண்ணில் தூக்கமே இல்லை. நாளை மதியம் ஒரு கடுமையான மருந்தைத் தொடங்கப்போகிறார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே அடக்கி வைக்கும் மருந்து. நுரையீரல் இப்படி வேகமாக மூடுகிறவர்களை அது காப்பாற்றியிருக்கிறது. நானே படங்களில் பார்த்திருக்கிறேன். ஆனால் அக்காவின் வலது மேல்நுனியில் அந்தத் தழும்பு இருக்கிறது. காவலை எடுத்துவிட்டால், உள்ளே இத்தனை காலமாக உறங்குவது எழுந்துகொள்ளலாம். எழுபத்தொன்பது வயதில் இன்னொரு காசநோயா? அவருக்கும் அது தெரியும். "ரெண்டு ஆபத்து சார். பெருசு எதுவோ அதைத்தானே முதல்ல பாக்கணும்?"

அக்காவின் மகள் வெளியூரிலிருந்து பேசினாள். அங்கே அவள் வீட்டிலும் காய்ச்சல், கிளம்ப முடியாது. "மாமா, நீங்க காலம்பூரா இதைத்தானே பாத்தீங்க. மருந்து போடலாமா, வேண்டாமா? நீங்க என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"இருக்கலாம்னு மட்டும் சொல்லிடாதீங்க மாமா" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. அழுதுகொண்டே சொன்னாள்.

மார்ச் 14, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். வரிசை தவறக்கூடாது.

காலையில் எல்லோருக்கும் முன்னால் போய், விதியை மீறி, அக்காவின் இரண்டு படங்களையும் பக்கம் பக்கமாகத் திறந்தேன். கண் நேரே மங்கலுக்குத்தான் ஓடியது. ஆமாம், பாதி நுரையீரல். மூடிவிட்டுப் போய்விடலாம் என்று தோன்றியது. பிறகு, முதலிலிருந்து பார், யாரோ ஒரு கிழவி என்று நினைத்துக்கொண்டு பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதலில் மூச்சுக்குழல்.

முதல் படத்தில் அது வட்டமாக இருக்கிறது. இரண்டாவது படத்தில் வட்டம் இல்லை. பின்சுவர் உள்ளே வளைந்து, குழலே பிறை நிலா மாதிரி இருக்கிறது. மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்திருந்தால் குழல் உப்பி வட்டமாக நிற்கும். மூச்சை வெளியே விட்டால்தான் பின்சுவர் இப்படி உள்ளே வரும்.

அப்படியானால்?

காற்று போன பலூன் சுருங்கும், சுருங்கினால் அதன் நிறம் அடர்த்தியாகும். நுரையீரலும் அப்படித்தான். மூச்சை வெளியே விட்ட நேரத்தில் எடுத்தால், நோயே இல்லாதவருக்குக்கூட எல்லா இடமும் மங்கலாகத்தான் தெரியும். கீழே பார்த்தேன். இரண்டாவது படத்தில் நுரையீரலுக்கு அடியிலுள்ள தசைத்திரை, உதரவிதானம், மேலே ஏறி நிற்கிறது. அதே நெஞ்சு, ஆனால் நுரையீரல் குட்டை. கூடியது நோயா, குறைந்தது காற்றா?

எழுந்து நின்றுவிட்டேன். உடனே உட்கார்ந்தும் விட்டேன். எனக்கு என்னைத் தெரியும். பார்ப்பது கண்ணா, ஆசையா? அக்கா என்பதால் குழல் வளைந்து தெரிகிறதா? கணினியும் தலைவியும் ஒன்றைச் சொல்லும்போது, கண்புரை எடுத்த எழுபத்துநாலு வயதுக் கண் வேறொன்றைச் சொன்னால் எதை நம்புவது?

அப்போது ஸ்கேன் இயந்திரத்தை இயக்குகிறவர் உள்ளே வந்தார். பெரிய மீசைக்காரர்; எல்லோரும் அவரை மீசை என்றே கூப்பிடுகிறோம், அவரும் அப்படியே கையெழுத்துப் போடுவார் போல. அவரிடம் ஒரு உதவி கேட்டேன். நேற்று எடுத்த படங்களில் கொஞ்சத்தை எடுத்து, பெயரை மறைத்து, மூச்சுக்குழல் மட்டும் தெரியும்படி வெட்டி, கலைத்துப் போட்டு எனக்குக் காட்ட வேண்டும். அக்காவுடையதும் அதில் இருக்கட்டும், எது என்று சொல்ல வேண்டாம்.

"பரீட்சையா சார்? யாருக்கு?"

"எனக்குத்தான்."

காட்டினார். ஒவ்வொன்றுக்கும் 'உள்', 'வெளி' என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வட்டம், வட்டம், வட்டம். இரண்டே இரண்டுக்குத்தான் 'வெளி' என்றேன். மீசை பெயர்களைத் திறந்து பார்த்தார்.

"இவர் ஆமா சார், சரியா எடுக்கற நேரத்துல இருமிட்டார்."

"இன்னொண்ணு?"

"உங்க அக்கா சார்."

அக்கா இருமினாளா என்று கேட்டேன். இல்லையே என்றார். யோசித்துவிட்டு, மீசைக்குள்ளேயே சிரிக்க ஆரம்பித்தார்.

"அம்மா ரொம்ப மரியாதையானவங்க சார். நம்ம ஸ்பீக்கர்ல 'மூச்சை உள்ளே இழுத்துப் பிடிக்கவும்'னு வருது இல்ல? 'பிடிச்சுட்டேம்மா, நீங்க எடுத்துக்குங்க'ன்னு பதில் சொன்னாங்க. நான் இந்தப் பக்கம் சிரிச்சுட்டேன்."

பிடிச்சுட்டேம்மா, நீங்க எடுத்துக்குங்க. இவ்வளவையும் சொல்லி முடிக்க எவ்வளவு மூச்சு வேண்டும்! பிடித்த மூச்சு முழுவதையும் பிடித்துவிட்டேன் என்று சொல்வதற்கே செலவழித்திருக்கிறாள். முதல் ஸ்கேனின்போது அவளால் பேச முடியவில்லை. அதனால் அந்தப் படம் சரியாக வந்தது. இரண்டாவது ஸ்கேனுக்குள் பேசும் அளவுக்குத் தேறிவிட்டாள். தேறியதால் படம் மோசமாகிவிட்டது.

நான் சிரித்தேனா, என்ன செய்தேன் என்று தெரியவில்லை. மீசை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

தலைவியிடம் போனேன். அவர் திரையை உற்றுப் பார்த்தார். என் சொல்லுக்காகக் காத்திருக்காமலே, "ஐயோ, குழலைப் பாருங்க. ஆமா சார். நான் நேரா நுரையீரலுக்குப் போயிட்டேன்" என்றார். ஒரு நாளைக்கு எத்தனை படம் பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும். அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் போயிருப்பேன் என்றேன். மரியாதைக்காகச் சொல்லவில்லை. இருவரும் நெஞ்சு மருத்துவரைத் தேடிப் போனோம்.

கூடத்தின் வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தார். அக்காவின் மருந்து வந்துவிட்டது. தள்ளுவண்டியில் பஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தலைவி பேசுவார் என்று நினைத்து அரை அடி பின்னால் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். 'நீங்கள் கண்டுபிடித்தது, நீங்களே சொல்லுங்கள்' என்கிற பார்வை. சொன்னேன். மூச்சுக்குழல், உதரவிதானம், பிடிச்சுட்டேம்மா, எல்லாம். குழாயை மூடிவிட்டு முழுவதையும் கேட்டார்.

"அப்ப நோய் கூடலைன்னு சொல்றீங்களா?"

"இந்தப் படத்தை வச்சு கூடிருச்சுன்னு சொல்ல முடியாது. மறுபடி எடுக்கணும். அதுவரைக்கும் மருந்து வேண்டாம்."

"சார், நீங்க சொல்றது தப்பா இருந்தா, நான் காத்திருக்கற ஒவ்வொரு மணி நேரமும் உங்க அக்காவோடது. அந்த டிரைவர் விஷயத்துல நான் காத்திருந்தேன். பாத்தீங்க இல்ல?" குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூடத் தேவலை. "இது வெளிமூச்சுல எடுத்த படம். உறுதியா? இல்ல, இருக்கலாமா?"

என் பட்டப்பெயர் அவருக்கும் தெரிந்திருக்கிறது.

தொண்டையில் அந்தச் சொல் வந்து நின்றது, நாற்பது வருடமாக வந்து நிற்கிற அதே இடத்தில். விழுங்கினேன்.

"உறுதி" என்றேன்.

அவர் தள்ளுவண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உடனே எடுங்க. படம் வந்த நிமிஷம் எனக்குச் சொல்லுங்க" என்றார்.

அடுத்தது அக்கா. இது இன்னும் கடினம்.

பதிவுசெய்த குரலை நிறுத்திவிடலாம், நீங்களே பக்கத்தில் நின்று சொல்லுங்கள் என்றார் மீசை. கதிர்வீச்சுக்காக எனக்கு ஈய அங்கியை மாட்டினார்கள். அதன் கனத்தில் முழங்கால் மடங்கப் பார்த்தது. அக்கா இயந்திரத்தின் பலகையில் படுத்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள். "என்னடா இது, சண்டைக்குப் போறவன் மாதிரி?"

ஒத்திகை பார்ப்போம் என்றேன். மூச்சை இழு, பிடி.

"பிடிச்சுட்டேன்டா."

"பிடிச்சுட்டேன்னு சொல்லக்கூடாது அக்கா."

"சரி, சொல்லலை."

"சரின்னும் சொல்லக்கூடாது."

"பின்ன உனக்கு எப்படித் தெரியும் நான் பிடிச்சது?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மீசையும் தலைவியும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி முயன்றோம். "ம்" என்றாள். அடுத்த முறை, "இப்ப நான் ஒண்ணும் சொல்லலை பாத்தியா" என்றாள். கூடத்து வாசலில் அந்தத் தள்ளுவண்டி நிற்கிறது. உறுதி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இந்தப் படமும் கெட்டால்? பலகை மெல்ல உள்ளே நகர்ந்தது. "மூச்சை இழு அக்கா" என்றேன். இழுத்தாள். உடனே உதடு பிரிவதைப் பார்த்தேன்.

"வாயை மூடு அக்கா!"

பிறந்ததிலிருந்து அவளிடம் நான் இப்படிப் பேசியதில்லை. அக்காவின் கண்கள் விரிந்தன. அதிர்ச்சியில் இன்னும் கொஞ்சம் மூச்சு உள்ளே போனது. போனது போனபடியே நின்றது. வாய் இறுக மூடியிருந்தது. மீசை அந்த நேரம் பார்த்துப் பொத்தானை அழுத்திவிட்டார். இயந்திரம் சுழன்று ஓய்ந்தது.

பலகை வெளியே வந்தது. அக்கா இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"விடலாம் அக்கா" என்றேன்.

விட்டாள். "வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு" என்றாள்.

படம் திரையில் ஏறியது. மூச்சுக்குழல், முழு வட்டம். பிறகு மேல்நுனி, தழும்பு பழைய தழும்பாகவே இருக்கிறது. பிறகு கீழே. ஒரே தாவலாகத் தாவிவிட ஆசை, தாவவில்லை. படிப்படியாக இறங்கினேன். போன வாரம் மங்கலாக இருந்த இடங்களில் பாதி தெளிந்து, கறுப்பாக, காற்று நிறைந்து கிடந்தது. மிச்ச இடத்தில் மெல்லிய கோடுகள், புண் ஆறும்போது வருவது போல. முதல் படத்தைவிடக் குறைவு. நன்றாகவே குறைவு.

தலைவி என் தோளில் கை வைத்தார். ஈய அங்கிக்கு மேல் வைத்ததால் எனக்குத் தெரியவில்லை. பிறகு அவரே சொன்னார்.

நெஞ்சு மருத்துவர் வந்து நின்றபடியே பார்த்தார். இரண்டு முறை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்ப்பது இதுதான் முதல்முறை. "மருந்தைத் திருப்பி அனுப்பிடுங்க" என்று செவிலியிடம் சொன்னார். முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார். அது போதும்.

அக்காவின் மகளிடம் தொலைபேசியில் சொன்னேன். மருந்து வேண்டாம், அம்மா தேறிவிட்டாள். "நிஜமாவா மாமா?" என்றாள். நிஜமாக என்றேன். திரும்பத் திரும்பக் கேட்டாள். திரும்பத் திரும்பச் சொன்னேன். அலுக்கவே இல்லை.

மார்ச் 15, சனி

அக்கா என்னோடு பேசவில்லை. கோபமாம். செவிலி வழியாகச் செய்தி வந்தது: 'அவனிடம் என் வெள்ளைச் சால்வையைக் கொண்டுவரச் சொல்லு.' நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 16, ஞாயிறு

சால்வை கொண்டு போனேன். வேறு சால்வையாம். அதைச் சொல்வதற்காகப் பேசிவிட்டாள்.

மார்ச் 20, வியாழன்

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆக்சிஜன் இல்லாமல். மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்றாள். நின்ற இரண்டு இடத்திலும் பேசினாள்.

மூச்சுப் பயிற்சிக்கு ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்திருக்கிறார்கள். மூன்று கூண்டு, மூன்று உருண்டை. உறிஞ்சினால் உருண்டைகள் ஒவ்வொன்றாக மேலே ஏறும். இப்போதைக்கு முதல் உருண்டைதான் ஏறுகிறது. ஏறியதும் "பாத்தியா!" என்கிறாள். விழுந்துவிடுகிறது.

பேருந்து ஓட்டுநரை வென்டிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டார்களாம். தலைவி சொன்னார். புதுப் படத்தை நான்தான் பார்த்தேன். 'மங்கல் குறைந்துள்ளது' என்று எழுதினேன். எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். குறைந்துதான் இருந்தது.

மார்ச் 26, புதன்

தலைவிக்கு ஒரு யோசனை. ஸ்கேன் அறையில் பதிவுசெய்த குரலை மாற்ற வேண்டுமாம். அந்தக் குரல் மிகவும் பணிவாக இருக்கிறது, பணிவாகப் பேசினால் வயதானவர்கள் பணிவாகப் பதில் சொல்கிறார்கள் என்கிறார். மீசையும் கவனித்துப் பார்த்தாராம். அக்கா மட்டுமில்லை, 'சரிங்க' சொல்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இப்போதைக்கு எல்லோருக்கும் அவரே கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து உதட்டில் விரலை வைத்துக் காட்டுகிறாராம்.

"உங்க அக்கா டெலிபோன்ல வேலை பாத்தவங்கதானே சார்?" என்று தலைவி கேட்டார்.

அவள் சம்மதிக்கலாம் என்றேன். இதற்கு அந்தச் சொல் சரிதான். அக்காவைப் பற்றி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஏப்ரல் 9, புதன்

இரண்டாவது உருண்டை.

ஏப்ரல் 22, செவ்வாய்

மழை. பேருந்து தாமதம். படங்கள் குறைந்துவிட்டன, இன்று நெஞ்சு ஸ்கேன் கொஞ்சம்தான், அதிலும் பாதி ஆறிவருகிறவர்கள். அடுத்த வாரத்திலிருந்து பழையபடி மூன்று காலை வந்தால் போதும் என்றார்கள்.

கிளம்பும் முன்பு மீசை கூப்பிட்டார், "வாங்க சார், கேட்டுட்டுப் போங்க" என்று. உள்ளே ஒரு பெரியவர் பலகையில் படுத்திருந்தார். நான் கண்ணாடிக்கு இப்பால் நின்றேன். மீசை பொத்தானை அழுத்தினார்.

"மூச்சை நல்லா உள்ளே இழுங்க" என்றது ஒலிபெருக்கி. தொலைபேசி நிலையக் காலத்துக் குரல், துளி நடுக்கமில்லை. "அப்படியே பிடிச்சுக்குங்க. எங்கிட்ட பதில் சொல்ல வேண்டாம், வாயை மூடிக்கிட்டா போதும்."

பெரியவர் பேசவில்லை. இயந்திரம் சுழன்றது. திரையில் மூச்சுக்குழல் வந்தது, நல்ல வட்டம்.

"ம், இப்ப விடலாம்" என்றாள் அக்கா.

விட்டேன்.